புதுப்பிப்பு: கேபிளா, டிஷ்ஷா? முடிவு எடுத்தாச்சு

கேபிளை நிறுத்திவிட்டு டிடிஎச் (டிஷ் வைத்துச் செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சேனல் பார்ப்பது) போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் டிஷ்தான் வைத்தோம்.

முடிவு செய்தது விலை இல்லை, கரண்ட். தெருவில் மின்சாரம் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் கேபிளில் படம் வராது. கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டுமே! டிஷ்ஷுக்கு அந்தத் தொல்லை இல்லை. டிவியும் செட்டாப் பாக்ஸும் ஓடினால் போதும்.

மழையில் நின்றுவிடும் என்று பலர் எச்சரித்தீர்கள். உண்மைதான், டிஷ்ஷுக்கு வரும் கூ பேண்ட் என்ற ரேடியோ அலைகளைக் கனமழை பலவீனமாக்கிவிடும். தூறலுக்கு ஒன்றும் ஆவதில்லை. கொட்டித் தீர்க்கும்போது 'சிக்னல் இல்லை' என்று வரும், மழை விட்டதும் தானாகச் சரியாகிவிடும். அது சீரியல் நேரம் பார்த்துத்தான் வருகிறது என்பது அம்மாவின் புகார்.

பொருத்த வந்த தம்பி முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுத் தென்னையை. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பதால் நமக்குத் தெற்குப் பக்க வானம் திறந்திருக்க வேண்டுமாம். மட்டை மறைக்காத மூலையாகப் பார்த்து டிஷ்ஷை மாட்டினார். ஊர்ப்பக்கம் மரம் அதிகம் உள்ளவர்கள் இதை முதலில் பாருங்கள்.

செலவா? டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2019-இல் கொண்டுவந்த விதிக்குப் பிறகு கட்டணச் சேனல்களின் அதிகபட்ச விலை இரண்டுக்கும் ஒன்றுதான், 18% ஜிஎஸ்டி தனி. ஆனாலும் எங்கள் தெருவில் கேபிள் கொஞ்சம் மலிவு. அப்புறம், கேபிள் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.