'பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடு' கேள்வியில் மார்க்கை விட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருத்துறைப்பூண்டி தம்பி:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி ஒரு வருஷம் ஆகப்போகுது, அந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் கண்ணுலயே நிக்குது. 'அது வாய்க்கால் அல்ல', 'அது வாய்க்கால் அன்று'. மத்த ரெண்டும் அல்லர், அல்லள், அதைத் தள்ளிட்டேன். மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன், 'அல்ல'தான் சரளமா வந்துச்சு. கருப்புப் பேனாவால வட்டத்தை முழுசா நிரப்பிட்டேன். பேனாவை எடுக்கல, எங்க தமிழய்யா பத்தாவதுல சொன்னது ஞாபகம் வந்துச்சு: ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. மை பளபளன்னு ஈரமா இருக்கு, அழிக்க முடியாது. ஒன்றரை மார்க். அடுத்த பத்து கேள்வியை எப்படிப் படிச்சேன்னே தெரியல.

கும்பகோணம் அக்கா:
எனக்கு நேர் எதிர், தம்பி. காதை நம்பாம ரெண்டு சொல்லுக்கு நடுவுல கண்ட இடத்துலல்லாம் க், ச், த், ப்னு ஒற்றெழுத்தைப் போட்டு வச்சேன். டெட்னு சொல்ற ஆசிரியர் தகுதித் தேர்வுல 'என்றுக் கூறினார்'தான் சரின்னு குறிச்சேன். அது போனாலும் போகட்டும். டியூஷன்ல பலகையில அதையே எழுதுறேன், ஏழாவது படிக்கிற பொண்ணு, "மிஸ், புக்குல க் இல்லயே, 'எனக் கூறினார்'ங்கிறதுலதான இருக்கு"ன்னா. சாக்பீஸும் கையுமா நின்னேன். அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சேன்: 'என்று' மென்தொடர், கடைசி எழுத்துக்கு முன்னாடி 'ன்'னு மெல்லினம், அதனால ஒற்று மிகாது. 'கேட்டு' வன்தொடர், முன்னாடி 'ட்'னு வல்லினம், 'கேட்டுக் கொண்டார்'னு மிகும். மறுநாள் அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல அதைத்தான் சொன்னேன்.

பட்டுக்கோட்டை அண்ணன்:
தம்பி சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். 'அது அல்ல'ன்னு பேப்பர்லயும் டிவியிலயும் தினம் வருது. ஊரே எழுதுறதைப் பிழைன்னு மார்க்கைப் பிடிக்கிறது நியாயமே இல்ல. நான் விட்டது 'மூட்டைகள் நனைந்தது'. கொள்முதல் நிலையத்துல மூட்டை நனையறப்ப நாம அப்படித்தானே சொல்றோம்?

ஆனாலும் மார்க் வேணுமே, இனி எழுதப் போறவங்க இதைச் செய்யுங்க. முதல்ல தொடரை முடிக்கிற வினைமுற்றுக்குக் கீழே பென்சிலால மெதுவா ஒரு கோடு. அப்புறம் நனைஞ்சது எதுன்னு கேளுங்க. பதில்ல 'கள்' இருந்தா 'நனைந்தன'. நடுவுல 'ஆற்றங்கரையில் அடுக்கி வைத்திருந்த'ன்னு எவ்வளவு நீட்டினாலும் அதைத் தொடாதீங்க. 'ஒவ்வொரு' வந்தா பின்னாடி வர்ற பெயர் ஒருமைதான். 'ஒவ்வொரு ஊர்களிலும்'னு இருந்தா உடனே தள்ளுங்க. உயிரெழுத்துக்கு முன்னாடி 'ஓர்': ஓர் ஏரி, ஒரு குளம். நாலு விடையையும் படிச்சுப் பார்த்து எது நல்லா இருக்குன்னு தேடாதீங்க. நாலும் நல்லாத்தான் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் பிழை எங்கன்னு தேடுங்க.

மாயவரம் ஓய்வு ஆசிரியர்:
பட்டுக்கோட்டையாரே, ஊர் வழக்கைப் பிழை என்பதில் உங்களுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தம்பி தடுமாறியதற்குக் காரணம் வேறு. வீட்டில் நாம் 'அல்ல', 'அன்று' இரண்டையுமே பேசுவதில்லை. அது இல்ல, அவன் இல்ல, அதுங்க இல்ல, எல்லாவற்றுக்கும் 'இல்ல'தான். வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐம்பாலுக்கும் (அவன், அவள், அவர், அது, அவை) மூவிடத்துக்கும் (தன்மை, முன்னிலை, படர்க்கை) பொது என்று இலக்கண நூலான நன்னூலே சொல்கிறது. பொதுச்சொல்லிலேயே வளர்ந்த காதுக்கு அன்று, அல்ல வேறுபாடு எப்படிக் கேட்கும்? அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டி தம்பி:
ஐயா, அப்ப 'நான் அல்ல'ன்னு எழுதுறதும் தப்பா?

மாயவரம் ஓய்வு ஆசிரியர்:
நான் அல்லேன், தம்பி. நீ என்றால் அல்லை.