வகுத்தல் சரி, விடை தப்பு: மீதியை என்னதான் செய்வது?

கெடிலக்கரை அம்மா (மஞ்சக்குப்பம், கடலூர்):

பையன் நாலாம் வகுப்பு. வாய்ப்பாடு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், நெடுமுறை வகுத்தலும் ஓரளவு போடுகிறான், வாக்கியக் கணக்கு வந்தால்தான் வம்பு. போன வாரத் தேர்வில் ஒரு கணக்கு: பிச்சாவரம் சுற்றுலாவுக்கு 130 பேர் போகிறார்கள், ஒரு படகில் 8 பேர் உட்காரலாம், எத்தனை படகு வேண்டும்? இவன் அழகாக வகுத்து "ஈவு 16, மீதி 2" என்று எழுதிவிட்டு வந்துவிட்டான். தப்பு, 17 படகு. சரி, மீதி வந்தால் ஒன்று கூட்டிக்கோடா என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் வீட்டுப்பாடத்தில் 75 முந்திரிப் பொட்டலம், ஒரு பெட்டிக்கு 8, எத்தனை பெட்டி முழுதாக நிரம்பும் என்று இருந்தது. அம்மா பேச்சைக் கேட்டு 10 என்று எழுதினான். அதுவும் தப்பு, 9. அதிலிருந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறான். எப்போது கூட்டுவது, எப்போது விடுவது என்று ஏதாவது விதி இருக்கிறதா?

இன்னொன்று. 4218-ஐ 7-ஆல் வகுத்தால் 62 என்கிறான். நடுவில் உள்ள பூஜ்ஜியம் என்ன சொன்னாலும் வருவதில்லை.

பழைய வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்):

விதி வேண்டாம் அம்மா. விதி கொடுத்ததால்தான் இரண்டாவது கணக்கு போச்சு. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: மீதியை வெறும் எண்ணாக எழுத விடமாட்டேன். "மீதி 2" என்று எழுதினால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 2 என்னடா என்று கேட்பேன். 2 பேர். அந்த 2 பேரையும் கரையில் நிற்க வைத்துவிட்டா மற்றவர்கள் சதுப்புக்காட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள்? இன்னொரு படகு வேண்டும் என்று பையனே சொல்லிவிடுவான். பொட்டலக் கணக்கில் மீதி 3 பொட்டலம். அதை வைத்து ஒரு பெட்டி நிரம்பாது, எனவே 9. அதே 75 பொட்டலத்தையும் அடுக்க எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்தால் 10 சரி. வெளியே எத்தனை பொட்டலம் நிற்கும் என்றால் 3. ஒரே வகுத்தலுக்கு மூன்று விடை, மூன்று கேள்வியையும் அவனையே எழுதச் சொல்லிப் பாருங்கள். இது போக 13 போளியை 4 பேருக்குப் பங்கிட்டால் மீதி ஒரு போளியை நாலாகப் பிய்த்து ஆளுக்கு மூன்றேகால் கொடுக்கலாம், 13 பலூன் என்றால் அது நடக்காது.

உங்கள் பையன் மட்டும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தேசிய அளவில் வைத்த தேர்வில் இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது: 1128 படைவீரர்கள், ஒரு பஸ்ஸில் 36 பேர், எத்தனை பஸ்? வகுத்தால் 31, மீதி 12. சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே போட்டார்கள், ஆனால் 32 பஸ் என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31 மீதி 12" என்றே எழுதிவைத்தார்கள், அப்படி ஒரு பஸ் எந்த டிப்போவில் இருக்கிறதோ.

முத்தியால்பேட்டை அப்பா (புதுச்சேரி):

பையன் கிரிக்கெட் பார்ப்பான் என்றால் வேலை சுலபம். 47 பந்து போட்டால் எத்தனை ஓவர்? 6-ஆல் வகுத்தால் 7, மீதி 5, திரையில் 7.5 என்று காட்டுவார்கள். என் மகள் அதை ஏழரை ஓவர் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மீதிப் பந்து, தசமம் இல்லை என்று புரியவைப்பதற்குள் ஒரு மேட்சே முடிந்துவிட்டது.

சில கணக்கில் ஈவைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை மட்டும் பார்க்க வேண்டும். நம்ம தமிழ் வருடப் பெயரே அப்படித்தான், 60-க்கு ஒரு முறை திரும்பி வரும். சித்திரையில் வருடம் பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 1866-ஐக் கழித்து 60-ஆல் வகுத்தால் மீதிதான் வருடத்தின் வரிசை எண். 2016 என்றால் 150, ஈவு 2, மீதி 30, முப்பதாவது பெயர் துன்முகி. மீதி 0 வந்தால் கடைசிப் பெயரான அட்சய. வீட்டில் பாட்டி இருந்தால் பட்டியலை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

நெல்லிக்குப்பம் டியூஷன் அக்கா:

பூஜ்ஜியத்துக்கு நான் சொல்கிறேன். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள், கோடு போட்ட நோட்டில் இது வராது. 42-ல் 7 ஆறு முறை, 2-க்கு நேர் மேலே 6. அப்புறம் 1-ஐ இறக்கினால் 1-ல் 7 போகாது. இங்கேதான் பிள்ளைகள் எல்லோரும் சத்தமில்லாமல் 8-ஐயும் இறக்கிவிடுகிறார்கள். போகவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 0 போட்டுவிட்டுத்தான் அடுத்ததை இறக்க வேண்டும். பிறகு 18-ல் 2 முறை, மீதி 4, ஈவு 602. கணக்கைத் தொடங்கும் முன்பே 4200-ல் 7 எத்தனை முறை என்று வாயால் கேளுங்கள், 600 என்பான், அதற்குப் பிறகு 62 வந்தால் அவனுக்கே உறுத்தும். முடித்ததும் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டட்டும்: 4214, கூட்டல் 4.

பெரியவர்களே செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. 700-ஐ 40-ஆல் வகுக்கும்போது இரண்டிலும் ஒரு பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு 17, மீதி 2 என்பார்கள். ஈவு சரி, மீதி 20. அடித்த பூஜ்ஜியத்தை மீதிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 700 ரூபாயில் 40 ரூபாய் பொருள் 17 வாங்கி, பாக்கி என்று கடைக்காரர் 2 ரூபாய் நீட்டினால் சும்மா விடுவோமா?

கெடிலக்கரை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கட்டம் போட்ட நோட்டு நாளைக்குத்தான் வாங்க வேண்டும். மீதிக்குப் பேர் வைக்கும் வேலையை இன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். 50 ரூபாய் கொடுத்து, சமோசா ஒன்று 8 ரூபாய், எத்தனை வாங்கலாம், மீதி என்ன என்று கேட்டேன். "6 சமோசா, மீதி 2 ரூபாய், அது எனக்கு" என்றான். ஐயா, இதற்கு முழு மார்க் போடலாமா?