கோடீஸ்வர ஐயரின் பாடப்படாத மேளங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கோடீஸ்வர ஐயர் பாட்டு என்றால் கர்நாடக இசைக் கச்சேரிகளில் எனக்குக் கேட்கக் கிடைப்பது இவ்வளவுதான்: ஹம்ஸத்வனியில் 'வாரணமுக வா', பிலஹரியில் 'இனி நமக்கொரு கவலையும் இல்லை', பாடகருக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ரசிகப்ரியாவில் 'அருள் செய்ய வேண்டும்'. 72 மேளகர்த்தாவுக்கும் (ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்கள், சுருக்கமாக மேளம்) தனித்தனியே தமிழ்க் கீர்த்தனை செய்து 'கந்த கானாமுதம்' என்று தந்துவிட்டுப் போனவருக்கு இது அநியாயம். மற்ற மேளங்களுக்குள் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு வாசல் எஸ். ராஜம். சங்கீத மும்மூர்த்திகளை வரைந்த அதே ராஜம்தான். விவாதி மேளம், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசிக்கொள்ளும் மேளம், பாடினால் தோஷம் என்று பலர் ஒதுங்கியபோது இந்தக் கீர்த்தனைகளை விடாமல் பாடியவர். அவர் குரலில் கேட்டபிறகுதான் 37ஆவது மேளமான சாலகத்தைப் பாடிப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. கீபோர்டில் அதை வாசித்துப் பாருங்கள். ச, சுத்த ரி, சுத்த க மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. அப்புறம் மூன்று கட்டையைத் தாண்டிப் பிரதி மத்யமம். அங்கிருந்து ம, ப, த, நி நான்கும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கப்புறம் இரண்டு கட்டை தாண்டி மேல் ஷட்ஜம். ஆரோகணமாக நேரே ஏறினால் என் சுத்த காந்தாரம் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றது. கீர்த்தனையைப் பாடத்துக்கு எடுத்தபிறகுதான் நிலைமை மாறியது. சுரத்தைத் தேடிக்கொண்டிருந்த தொண்டை சாகித்யத்தை, அதாவது பாட்டு வரியை, பிடித்துக்கொண்டது. காந்தாரமும் தானாக இடத்துக்கு வந்தது. சாலகம் அழகான ராகமா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. பாடத்தகுந்த ராகம். அதில் சந்தேகமில்லை.

---

//அழகான ராகமா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை//

சாலகத்தில் ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும், சார்! நான் வயலின். எனக்குத் தெரிந்து நல்ல வழி, பாதி தெரிந்த ராகத்தில் நுழைவது. ஜோதிஸ்வரூபிணியில் 'கானாமுதபானம்' எடுங்கள். 68ஆவது மேளம். பஞ்சமத்துக்கு மேலே அப்படியே சண்முகப்ரியா. சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கீழேதான் ஷட்ஸ்ருதி ரிஷபமும் (இருப்பதிலேயே உயரமான ரி) அந்தர காந்தாரமும். அந்த இரண்டுக்கும் நடுவே அரைச்சுரம்தான் இடைவெளி, விரலுக்கு விரல் முட்டும். ரிஷபத்தை அசைத்தால் காந்தாரத்தில் போய் விழுகிறது, அசைக்காமல் விட்டால் ஊசி மாதிரி குத்துகிறது. காந்தாரத்திலிருந்து இறங்கித் தொட்டபோதுதான் எனக்கு அந்த ரிஷபம் ரிஷபமாகக் கேட்டது.

சிக்கல் அடுத்தது. மேல் பாதியில் ரெண்டு சஞ்சாரம் கூட வாசித்தால் போதும், கை பழகிய பாதையில் ஓடி, இறங்கும்போது சண்முகப்ரியா ரிஷபத்தை வைத்துவிடும். எதிரே இருப்பவர்களும் 'ஓ, சண்முகப்ரியா' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். கீர்த்தனை பாடமாக இருந்தால் இந்த வழுக்கல் குறைகிறது, அதுதான் ஐயருடைய உபகாரம்.

60ஆவது மேளம் நீதிமதி இதற்கு நேர் எதிர். அதில் 'மோஹனாகார' இருக்கிறது. கீழ்ப் பாதி சண்முகப்ரியா, மேலே ஷட்ஸ்ருதி தைவதமும் காகலி நிஷாதமும். இரண்டையும் அடுத்தடுத்துச் சாதகம் செய்ய வேண்டாம், சொல்லிவிட்டேன்.

---

எனக்கு சுரம் போட்டுப் பாடவெல்லாம் தெரியாது, வெறும் ரசிகை. நான் இந்தப் பாட்டுகளுக்குள் போனது தமிழ் வழியாக. 'கவிகுஞ்சரதாசன்' என்ற முத்திரையைக் கேட்டு யார் அந்தக் கவிகுஞ்சரம் என்று தேடினேன். அழகர் குறவஞ்சியும் ஸ்கந்தபுராணக் கீர்த்தனையும் எழுதிய கவிகுஞ்சர பாரதி, ஐயருக்குத் தாத்தா. பேரன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் தாத்தாவுக்கு தாசனாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதோடு மேளத்தின் பெயரையும் சாகித்யத்துக்குள் வைத்துவிடுகிறார். அது எங்கே வருகிறது என்று காத்திருந்து கேட்பதே எனக்கு ஒரு ருசி. சில இடத்தில் முருகனுக்கு அடைமொழி மாதிரி இயல்பாக உட்காரும். சில இடத்தில், உண்மையைச் சொன்னால், இழுத்துக் கட்டியது தெரியும். பாவம், கனகாங்கி, ரத்னாங்கி என்றெல்லாம் யாரோ வைத்த பெயர்களுக்கு அவர் என்ன செய்வார்!

---

ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்காதீர்கள். 72உம் ஒரே தரம் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லா மேளத்திலும் பாட்டு இருக்கவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்தால் சில பாட்டு மேளத்துக்கு இலக்கணமாக மட்டும் நின்றுபோகும். 40 விவாதி மேளங்களையும் பாதுகாக்கவேண்டிய பொக்கிஷம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தால் ஒருவரும் மேடைக்குக் கொண்டுபோகமாட்டார்கள். தேர்ந்தெடுத்துப் பாடவேண்டும்.

என் ஓட்டு 71ஆவது மேளம் கோசலத்தில் உள்ள 'கா குஹா ஷண்முகா'வுக்கு. பஞ்சமத்துக்கு மேலே கல்யாணி, கீழே அந்த முரட்டு ஷட்ஸ்ருதி ரிஷபம். புதிதாகக் கேட்பவர் கல்யாணியை நம்பி உள்ளே வருவார், வந்தபிறகு ரிஷபத்திடம் மாட்டிக்கொள்வார். இதைத் துக்கடாவாக ஐந்து நிமிஷத்தில் முடிக்காமல், ஆலாபனை, நிரவல், ஸ்வரம் எல்லாம் வைத்து மெயினாக யாராவது பாடிக் கேட்டிருக்கிறீர்களா? பாடியவர் பேரும் ஊரும் சொல்லுங்கள், தேடிப் போய்க் கேட்கிறேன்.