பதினைந்து கையெழுத்துகள்: ஒரு புதுப் பள்ளியின் முதல் மாணவர்கள் நாங்கள்

முதல் தொகுதி மாணவி எழுதுகிறார்:

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், செம்பனை மரங்களை வெட்டிச் சமன்செய்த நிலத்தில் எழுந்த தேசிய இடைநிலைப்பள்ளி எங்களுடையது. 2006 ஜனவரியில் படிவம் 1-இல், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், சேர்ந்தோம். 2010 இறுதியில், படிவம் 5 முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு வெளியேறினோம். பெயரைச் சொல்லாவிட்டாலும் அங்கே படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மேசை நாற்காலி எல்லாம் புதிது. நூலகத்தில் அலமாரிகள் இருந்தன, நூல்கள் இல்லை. திடல் இருந்தது, புல் இல்லை. மழை பெய்தால் சபைகூடலுக்கு நிற்கக்கூட இடமிருக்காது. எங்களுக்கு இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. எங்களுக்கு மேல் யாருமே இல்லை. எந்தக் கழகத்தில் சேரலாம், பழைய தேர்வுத்தாள்களை யாரிடம் கேட்கலாம், கட்டொழுங்கு ஆசிரியர் எதைப் பொறுப்பார், எதைப் பொறுக்கமாட்டார் என்று சொல்வதற்கு ஓர் அண்ணனோ அக்காவோ கிடையாது. ஐந்து ஆண்டுகளும் நாங்கள்தாம் அந்தப் பள்ளியின் மூத்த மாணவர்கள்.

எங்களில் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். நான் 2005-ஆம் ஆண்டை வேறொரு பள்ளியின் புகுமுக வகுப்பில் (தமிழ்ப்பள்ளி மாணவர்கள் படிவம் 1-க்கு முன் படிக்கும் ஓராண்டு வகுப்பு) மலாய்மொழி படித்துக் கழித்துவிட்டு வந்தேன். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியபோது முதலாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றுக்கே முதலில் வந்தது. நாங்கள் நடுவில் இருந்ததால் ஆறாம் ஆண்டு முடியும்வரை தமிழிலேயே படித்தோம். படிவம் 1-இல் கால்வைத்ததும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலம், வரலாறும் புவியியலும் மலாய். தமிழுக்குக் கால அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதைப் பற்றி அலுவலகத்தில் கேட்டோம். மறுக்கவில்லை, ஆனால் யாரும் கேட்கவில்லையே என்றார்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்க வசதி செய்துதர வேண்டும். பழைய பள்ளிகளில் அந்த வகுப்பு ஆண்டுதோறும் தானாக நடந்துவரும். புதுப் பள்ளியில் யாராவது கேட்டால்தான் உண்டு. இதை எங்கள் பெற்றோருக்கு அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

கையெழுத்து வாங்க நாங்களே வீடு வீடாகப் போனோம். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள்தாம் பெரும்பாலும். அப்பா பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை, அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் பகல் வேலை. இருவரையும் ஒன்றாக வீட்டில் காண்பதே அரிது. சில வீடுகளில் உடனே கையெழுத்துப் போட்டார்கள். சில வீடுகளில், “தமிழ் படித்து மற்றப் பாடத்தில் புள்ளி குறைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டார்கள். அது நியாயமான பயம்தான். அவர்கள்மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. எங்கள் வகுப்புச் சீன நண்பர்களும் மாண்டரின் வகுப்புக்காக இதே வேலையில் இறங்கியிருந்தார்கள். அவர்களுடைய மனுவின் வடிவத்தைப் பார்த்துத்தான் எங்களுடையதை எழுதினோம்.

வகுப்பு சனிக்கிழமை காலைக்கு அமைந்தது. ஆசிரியை பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தார். சனிக்கிழமை பள்ளி பஸ் ஓடாது. இரவு வேலை முடிந்து வந்த அப்பாக்கள் தூங்கப் போகாமல் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். திருப்புதலுக்கும் யாப்புக்கும் நடுவே ஆசிரியை பிஸ்கட் பொட்டலம் பிரித்துப் பகிர்ந்து கொடுப்பார். இலக்கியப் பாடத்தையும் சேர்த்து எடுக்கலாம் என்று எங்களுக்கு ஆசை காட்டியவர் அவர்தான்.

2006-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 21; நோன்புப் பெருநாள் 24. ஆக, எங்கள் முதல் தீபாவளிக் கொண்டாட்டம் நோன்பு மாதத்துக்குள் வந்தது. பகலில் முறுக்கும் நெய்யுருண்டையும் வைத்து விருந்து செய்வது சரியில்லை என்று நாங்களே முடிவெடுத்தோம். நுழைவாயிலில் பெரிய கோலம் மட்டும் போட்டோம். மலாய்த் தோழிகள் நோன்போடு உட்கார்ந்து சாயமேற்றிய அரிசியை நிரப்பிக் கொடுத்தார்கள். பலகாரங்களைப் பொட்டலம் கட்டி, நோன்பு துறக்கும் நேரத்துக்கென்று அவர்கள் வீட்டுக்கு அனுப்பினோம். வழிகாட்ட மூத்தவர்கள் இல்லாததை நான் நல்லதென்று நினைத்த ஒரே நாள் அதுதான். வழக்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அதையே செய்திருப்போம்.

பிறகு 2009. அதை எழுத நம் வகுப்பிலிருந்து வேறொருவர் வருவார் என்று நம்புகிறேன்.

அதே வகுப்பு, அறிவியல் பிரிவு மாணவர்:

நான் எழுதுகிறேன் தோழி. பட்டியலில் பதினைந்தாவது கையெழுத்து என் அம்மாவுடையது. பதினான்கோடு நின்றுபோன பட்டியலை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் முச்சந்தியில் நீங்கள் இருவர் காத்திருந்தீர்கள். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையைத் தாளுக்கு அடியில் வைத்து எழுதிக் கொடுத்தார். எனக்கு அன்று தமிழில் பெரிய நாட்டம் இல்லை. சனிக்கிழமை காலை பந்து விளையாடும் நேரம்.

2009-இல் நாம் படிவம் 4. அடுத்த ஆண்டு முதல் எஸ்.பி.எம்.மில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அறிவியல் பிரிவில் இருந்தவர்கள் எண்ணிப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்: ஒன்பது ஆகிவிட்டது. தமிழ்மொழியைச் சேர்த்தால் பத்து. இலக்கியத்துக்கு இடமே இல்லை. வேறொரு பாடம் எடுக்க நினைத்தவருக்குத் தமிழ்மொழியும் போய்விடும். அந்த விதியை முதலில் சந்திக்கப்போகும் தொகுதியே நாம்தான்.

அந்த மாதங்களில் சனிக்கிழமை வகுப்பு மெலிந்துபோனது. வராதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நாடெங்கும் தமிழ் அமைப்புகள் கூட்டம் போட்டன, மனுக் கொடுத்தன. நாளிதழ்களில் நாள்தோறும் அதுதான் செய்தி. நம் ஆசிரியையோ எதையும் பேசாமல் இலக்கியப் பாடத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். எந்த மாணவன் எந்தப் பாடத்தைப் பதிவு செய்வான் என்றே தெரியாத நிலையில், ஒரு சனிக்கிழமையும் அவர் வகுப்பை நிறுத்தவில்லை. பந்து விளையாடப் போயிருக்க வேண்டிய நான், அவருக்காகத்தான் வந்தேன். ஆண்டு இறுதியில் அமைச்சரவை மேலும் இரண்டு பாடங்களுக்கு இடமளித்தது. நான் 11 பாடங்கள் எழுதினேன். 2011 மார்ச்சில் முடிவு வந்தபோது, தமிழில் என்ன தேர்ச்சி என்பதைத்தான் அம்மா முதலில் கேட்டார்.

இப்போது பட்டர்வொர்த்தில் பொறியியல் வேலை. என் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவன் போகப்போகும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று இப்போதே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். நடக்கிறது. இருந்தாலும் பெற்றோர் கூட்டத்தில் ஆண்டுதோறும் அதை நினைவூட்டச் சொல்லியிருக்கிறேன். 15 பேர் என்பது ஒருமுறை காட்டிவிட்டு மறந்துவிடுகிற எண்ணிக்கை அன்று. பிள்ளைகள் படிவம் 5 முடித்துப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

2008-இல் படிவம் 1 சேர்ந்தவர்:

அக்கா, அண்ணன், நான் உங்களுக்கு இரண்டு ஆண்டு இளையவன். கையெழுத்து வாங்கிய கதையை இன்றுதான் அறிகிறேன். நாங்கள் வந்தபோது தமிழ் வகுப்பு அங்கே இருந்தது. இருப்பதுதானே இயல்பு என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தோம். நூலகத்தின் கடைசி அலமாரியில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. பெரும்பாலானவற்றின் உள்ளட்டையில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் பெயர் எழுதி அடித்திருக்கும். அவையும் நீங்கள் கொண்டுவந்து வைத்தவை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த அலமாரியில் கறுப்பு நாடா ஒட்டிய தடித்த கோப்பு ஒன்று இருந்தது. சோதனைத் தேர்வுத்தாள்கள், கட்டுரைக் குறிப்புகள், இலக்கியப் பாத்திரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளக்கம், எல்லாம் பச்சை மையில். யார் எழுதியது என்று எங்கும் பெயர் இல்லை. எங்கள் தொகுதியில் இலக்கியம் எடுத்த அனைவரும் அதை நகலெடுத்துத்தான் படித்தோம். என் நகல் இன்னும் சுங்கை பாக்காப் வீட்டில் இருக்கிறது. பச்சை மையில் எழுதியது உங்களில் யார்?