மீதமிருப்பது 20 எச்பி: ஃபங்ஷன் ஜெனரேட்டர் வாங்கியவர்களின் அனுபவங்கள்

84எச்பி எழுதியது:

பெர்லினில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே வரிசை கொண்ட 84 எச்பி யூரோராக் பெட்டி, அதாவது மாட்யூல் என்னும் தனித்தனிப் பாகங்களை மாட்டிக் கேபிளால் இணைத்து வாசிக்கும் சிந்தசைசர். ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதன் தன்மையை மாற்றும் ஃபில்டர், ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ இரண்டு, சுரங்களை வரிசையாக அனுப்பும் சீக்வென்சர், மின்னழுத்தத்தைக் குறைக்கவும் தலைகீழாக்கவும் உதவும் சிறிய அட்டெனுவெர்ட்டர் ஒன்று ஆகியவை போக இன்னும் 20 எச்பி காலியாக இருக்கிறது. ஒரு எச்பி 5.08 மில்லிமீட்டர் என்பதால், ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அகலம். இந்தப் பத்து சென்டிமீட்டரை நிரப்ப இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர்தான் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மின்னழுத்தத்தை ஒரு வேகத்தில் ஏற்றி இன்னொரு வேகத்தில் இறக்குவது மட்டுமே அதன் வேலை. ஒரு முறை ஏறி இறங்கினால் என்வலப், ஓயாமல் ஏறி இறங்கினால் எல்எஃப்ஓ, வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தின் திடீர்த் தாவல்களைச் சரிவாக்கினால் ஸ்லூ. இந்த மூன்றும் ஒரே சுற்றில் கிடைக்கின்றன.

விவரக்குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டேன். அவை எனக்கு உதவவில்லை. மேத்ஸ், ராம்பேஜ், குவாட்ராக்ஸ், டைட்ஸ் என்று எந்த மாட்யூலை எடுத்தாலும் எல்லாம் செய்யும் என்றே எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கியதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், எங்கே சிக்கிக்கொண்டீர்கள், எதற்காக விற்றீர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டும்.


நீலக்கம்பி எழுதியது:

என்னிடம் மேத்ஸ் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறது. பெட்டியை மூன்று முறை கலைத்து அடுக்கியிருக்கிறேன். அது மட்டும் இடம் பெயரவே இல்லை. ஆனால் முதல் ஒரு மாதம் அதன்மேல் எனக்குக் கடுங்கோபம் இருந்தது. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் சேனலை என்வலப்பாக வைத்து, சம் என்ற வெளியீட்டை எடுத்து விசிஏவில் செருகினேன். ஒலி நிற்கவே இல்லை. என்வலப் இறங்கி முடிந்த பிறகும் விசிஏ பாதி திறந்தே கிடந்தது. விசிஏ பழுது என்று நினைத்து அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்த்தேன், அதுவும் அப்படியே. இரண்டு வார இறுதிகள் இதிலேயே போயின. கடைசியில் கையேட்டை வரி வரியாகப் படித்தபோதுதான் விளங்கியது. நடுவில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் சேனல்களில் எதையும் செருகாவிட்டால் அவை சும்மா இருப்பதில்லை. குமிழ் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நிலையான மின்னழுத்தத்தைத் தருகின்றன: இரண்டாம் சேனல் 10 வோல்ட் வரை, மூன்றாம் சேனல் 5 வோல்ட் வரை, கூட்டலாகவோ கழித்தலாகவோ. நான்கு சேனல்களும் சம் வெளியீட்டில் ஒன்றுசேர்கின்றன. என் மூன்றாம் குமிழ் மணி இரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்குத் திருப்பினேன், விசிஏ மூடிக்கொண்டது.

அன்றைக்குத்தான் அந்த மாட்யூலின் பெயருக்கும் அர்த்தம் புரிந்தது. நான்கு மின்னழுத்தங்களைக் கூட்டிக் கழித்துத் தரும் கருவி அது. ஓரத்தில் இருக்கும் இரண்டு சேனல்களுக்கு மட்டும் தாமாகவே ஏறி இறங்கவும் தெரியும். ஏதேனும் ஒரு சேனலின் தனி வெளியீட்டில் கேபிளைச் செருகினால் அந்தச் சேனல் கூட்டலிலிருந்து விலகிவிடும். இதை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்தது டிரிகர் விவகாரம், அதாவது ஏறத் தொடங்கச் சொல்லும் துடிப்பு. மேத்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது புதிய டிரிகர் வந்தால் அதைக் கண்டுகொள்ளாது. இறங்கும்போது வந்தால் மறுபடி ஏறத் தொடங்கும். இது குறை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஏற்ற நேரத்தைச் சீக்வென்சரின் ஒரு துடிப்பைவிடச் சற்று நீளமாக வைத்தால், ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் அது எடுத்துக்கொள்ளும். இன்னும் நீட்டினால் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. தாளத்தைப் பகுக்கத் தனி மாட்யூலே தேவையில்லை. ஏற்றத்தின் கன்ட்ரோல் உள்ளீட்டில் மெதுவாக அலையும் வேறொரு மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள். பகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும். என் பெட்டியில் நான் மிகவும் நேசிக்கும் விஷயம் இதுதான்.

பந்து துள்ளும் ஓசையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் சேனலைச் சைக்கிளில், அதாவது தானே சுழலும்படி, ஓடவிட்டு ஒரு விசிஏவைத் திறந்து மூட வையுங்கள். முதல் சேனலுக்கு ஏற்றம் மிகக் குறைவு, இறக்கம் நீளம். அதன் முழு வெளியீடு இரண்டாவது விசிஏவுக்கு. அதன் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி, தலைகீழான தனி வெளியீட்டை நான்காம் சேனலின் போத் என்ற உள்ளீட்டில் கொடுங்கள். போத் உள்ளீடு மற்றவற்றுக்கு நேர்மாறானது: ஏற்றம், இறக்கம் ஆகியவற்றின் உள்ளீடுகளில் மின்னழுத்தம் கூடினால் நேரம் நீளும், போத்தில் கூடினால் நேரம் சுருங்கும். ஆகவே டிரிகர் வந்ததும் துள்ளல் மெதுவாகத் தொடங்கி, ஓசை தேயத் தேய வேகமெடுக்கும். உங்களிடம் இரண்டு விசிஏ இருப்பதால் முதல் நாளே இதைச் செய்து பார்க்கலாம்.

20 எச்பியை அது முழுதாகப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.


தாளக்காரன் எழுதியது:

நான் குவாட்ராக்ஸ் பக்கம் போனவன். 14 எச்பிக்குள் நான்கு சேனல்கள். எனக்கு டிரம் ஒலிகள்தான் முக்கியம், ஒரே நேரத்தில் நான்கு என்வலப் வேண்டும். ஒரு சேனல் ஏறி முடிந்ததும் அடுத்ததைத் தட்டிவிடும்படி இணைக்கலாம். இதற்குக் கேபிளே தேவையில்லை. ஒரே டிரிகரில் வெடிப்புப்போலப் பல துடிப்புகளைத் தரும் பர்ஸ்ட் முறையும் உண்டு, கைதட்டல் ஒலிக்கு அதுதான் உயிர்.

ஆனால் ஆரம்பப் பதிவில் சொன்ன மூன்று வேலைகளில் மூன்றாவது இதில் கிடையாது. வெளி மின்னழுத்தத்தை உள்ளே விட்டுச் சரிவாக்க முடியாது. வாங்கிய பிறகுதான் கவனித்தேன். எனக்கு அது பெரிய இழப்பில்லை. மெல்லிசை வாசிப்பவர் என்றால் யோசித்து வாங்குங்கள்.


பற்றவைப்பு எழுதியது:

ராம்பேஜ் வைத்திருக்கிறேன். பார்சிலோனாவின் பெஃபாக்கோ தயாரிப்பு, 18 எச்பி. பாகங்களாக வாங்கி நானே பற்றவைத்துக் கட்டினேன். நான்கு மாலைப் பொழுதுகள் ஆயின. உள்ளே எது எதனோடு பேசுகிறது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது, வாசிக்கும்போதும் உதவுகிறது.

வாங்குவதற்கு முன்பு அதைக் கணினியில் ஒரு மாதம் ஓட்டினேன். விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் பெஃபாக்கோவின் ராம்பேஜ் இலவசமாகவே கிடைக்கிறது. தொடங்கியவருக்கு என் முதல் யோசனை இதுதான். கடைக்குப் போகும் முன் இரண்டு வாரம் அதில் உழையுங்கள். தினமும் எந்த வெளியீட்டிலிருந்து கேபிள் எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். நான் குறித்து வந்ததில் வியப்பு என்னவென்றால், பாதிக்கு மேற்பட்ட கேபிள்கள் ஏற்ற இறக்க வெளியீட்டிலிருந்து புறப்படவில்லை. உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும் கேட் வெளியீடுகளிலிருந்து புறப்பட்டன. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, சுற்று முடிந்ததும் ஒன்று என்று ஒவ்வொரு சேனலிலும் மூன்று. அதோடு ஏ பெரிதா, பி பெரிதா என்று ஒப்பிட்டுச் சொல்லும் கேட்கள் வேறு. இரண்டு சேனல்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டால், அந்த ஒப்பீட்டு கேட்களிலிருந்து பிறக்கும் தாளத்தை எந்தச் சீக்வென்சரிலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு சேனல்களும் அச்சு அசலாக ஒன்றே என்பதும் எனக்குப் பிடித்தது. மேத்ஸில் ஏற்றம் முடிந்ததைச் சொல்லும் வெளியீடு முதல் சேனலுக்கு மட்டும், சுற்று முடிந்ததைச் சொல்வது நான்காம் சேனலுக்கு மட்டும். அதை நினைவில் வைத்தே கேபிள் போட வேண்டும். ஆனால் மேத்ஸின் நடுவில் இருக்கும் அந்த இரண்டு குமிழ்கள் ராம்பேஜில் இல்லை. மின்னழுத்தத்தைக் குறைக்க, தலைகீழாக்க, நகர்த்த வேறொரு மாட்யூல் வேண்டும். தொடங்கியவரிடம் அட்டெனுவெர்ட்டர் ஏற்கெனவே இருப்பதைப் படித்தேன். தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்று. நான் சிறுவயதில் கர்நாடக இசை கற்றவன். சீக்வென்சரின் சுர மின்னழுத்தத்தை ராம்பேஜ் வழியாக ஆஸிலேட்டருக்கு அனுப்பினால் சுரங்கள் ஜாரு போல வழுக்கிப் போகும். சாதாரண சறுக்கல் மாட்யூலில் மேலே போவதும் கீழே வருவதும் ஒரே வேகம். கேட்கச் சப்பென்று இருக்கும். இங்கே ஏற்றத்துக்கு ஒரு குமிழ், இறக்கத்துக்கு ஒரு குமிழ். ஏற்ற ஜாருவைச் சட்டென்றும் இறக்க ஜாருவை இழுத்தும் வைக்கலாம், வளைவையும் மாற்றலாம். கமகம் முழுவதும் இதில் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சறுக்கலில் உயிர் இருக்கிறது.


நள்ளிரவுஓசை எழுதியது:

டைட்ஸ் பற்றி யாரும் எழுதவில்லையே! 2018இல் வந்த இரண்டாம் பதிப்பு என்னுடையது. ஒரே ஒரு ஃபங்ஷன்தான், ஆனால் நான்கு வெளியீடுகள். அந்த நான்கையும் நான்கு வெவ்வேறு வடிவங்களாகவோ, ஒன்றன்பின் ஒன்று தள்ளி வரும் அலைகளாகவோ, வேறு வேறு வேகங்களாகவோ ஆக்கலாம். நீண்டு மிதக்கும் ஒலிகளுக்கு, ஒரு குமிழைத் தொட்டால் நான்கு இடங்களில் அசைவு என்பது பெரும் வரம். கடிகாரத் துடிப்போடு ஒட்டியும் ஓடும்.

டைட்ஸை உருவாக்கிய எமிலி ஜிலே 2022இல் தன் நிறுவனமான மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸை மூடிவிட்டார். புதிதாக அந்த நிறுவனத்திடம் வாங்க முடியாது. ஆனால் வடிவமைப்புகளை அவர் திறந்த உரிமத்தில் தந்திருப்பதால் பிறர் கட்டி விற்கிறார்கள். பழைய சந்தையிலும் கிடைக்கிறது. நான் பழைய சந்தையில் வாங்கியபோது விற்றவர் அனுப்பிய மின்கேபிளில் ஒரு முனை தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. செருகும் முன் பார்த்துவிட்டதால் தப்பித்தது. பழையதை வாங்குபவர்கள் மாட்யூலைச் சோதிக்கும் முன் கேபிளைச் சோதியுங்கள்.


பழம்பெட்டி எழுதியது:

எல்லோரும் ஒரே பெரிய மாட்யூலைப் பற்றியே பேசுகிறீர்கள். டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-171-2 என்ற ஃபங்ஷன் ஜெனரேட்டர் வெறும் 8 எச்பி. இரண்டு வாங்கினாலும் 16 எச்பிதான். இன்னும் நான்கு மிச்சம்.

இதன் பூர்வீகம் தெரிந்தால் பார்வையே மாறும். 1970களில் கலிஃபோர்னியாவில் செர்ஜ் செரெப்னின் உருவாக்கிய கருவிகளில் இந்த ஏற்ற இறக்கச் சுற்று இருந்தது. ஒரே சுற்று, அதன் வெளியீட்டைத் தன் உள்ளீட்டிலேயே செருகினால் இன்னொன்றாக மாறும் என்பதுதான் அவருடைய எண்ணம். வாசிப்பவரே கேபிளால் கருவியை எழுதிக்கொள்கிறார். ராம்பேஜ் அந்த மரபின் நேர் வாரிசு. ஏ-171-2உம் அதே. மேத்ஸில் செர்ஜோடு இன்னொரு கருவி வடிவமைப்பாளரான டான் புக்லாவின் 281, 257 ஆகிய மாட்யூல்களின் சாயலும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் நீலக்கம்பி சொன்ன கூட்டல் கழித்தல் அதில் அவ்வளவு முக்கியமாக இருக்கிறது.

ஏ-171-2இல் சைக்கிள் பொத்தான் இல்லை. சுற்று முடிந்ததைச் சொல்லும் வெளியீட்டிலிருந்து டிரிகர் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டால் சுழலும். பொத்தான் இல்லாதது என்னைப் பொறுத்தவரை நன்மை. அந்தக் கேபிளின் நடுவில் வேறொரு மாட்யூலை நுழைத்து, சில சுற்றுகளில் மட்டும் சுழலவிடலாம். பொத்தானால் இது முடியாது. இரண்டு இருந்தால் முதலாவது முடிந்ததும் இரண்டாவது, அது முடிந்ததும் முதலாவது என்று ஒன்றை ஒன்று துரத்த வைக்கலாம். நான் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன்.


84எச்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பற்றவைப்பு சொன்னபடி பதினாறு நாட்கள் விசிவி ராக்கில் உழைத்தேன், தாளிலும் குறித்தேன். என் கேபிள்களில் பெரும்பாலானவை இரண்டு இடங்களுக்குப் போயின: சுரத்தைச் சரிவாக்க ஒன்று, ஃபில்டரை மெதுவாகத் திறக்க ஒன்று. ஒப்பீட்டு கேட்களைத் தொடவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆறாம் நாளிலிருந்து அவை இல்லாமல் ஒரு பேட்ச்கூட, அதாவது ஒரு கேபிள் இணைப்புக்கூட, இல்லை. நான்கு என்வலப் எனக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை. அதனால் குவாட்ராக்ஸ் பட்டியலிலிருந்து போனது, அதன்மேல் எந்தக் குறையும் இல்லாமலே.

போன சனிக்கிழமை கோட்புசர் தோர் நிறுத்தத்தில் இறங்கி ஷ்னைடர்ஸ்லாடன் என்ற சிந்தசைசர் கடைக்குப் போய், மேத்ஸை ஒரு மணிநேரம் கையால் தொட்டுப் பார்த்தேன். குமிழ்கள் பெரியவை, திருப்ப இதமானவை. வளைவுக் குமிழைத் திருப்பினால் நேரமும் சேர்ந்து மாறுகிறது. அந்தப் பிணைப்பைக் காதால் கேட்டுப் பழக வேண்டும். நீலக்கம்பி சொன்ன பந்தையும் துள்ள வைத்தேன். அட்டெனுவெர்ட்டர் என்னிடம் இல்லாதிருந்தால் அதையே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ராம்பேஜைப் பாகங்களாக வாங்கியிருக்கிறேன். இன்று மாலை மின்தடைகளை மட்டும் பற்றவைத்தேன். மிச்சமிருக்கும் 2 எச்பிக்கு ஒரு வெற்றுத் தகடு போதும்.


பற்றவைப்பு எழுதியது:

மகிழ்ச்சி. அவசரப்படாதீர்கள், டையோடுகளின் திசையை இரண்டு முறை பாருங்கள். முடித்து மாட்டும்போது பட்டைக் கேபிளின் சிவப்புக் கோடு கழித்தல் 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். முதல் ஜாரு வழுக்கியதும் இங்கே எழுதுங்கள்.