பிரிட்டனில் ஐ.சி.யூ. நர்ஸ் வேலை: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டன் போக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, சி.பி.டி. என்ற கணினிவழி நர்ஸிங் தேர்வு இரண்டையும் முடித்துவிட்டேன். அங்கே போய் ஓ.எஸ்.சி.இ. செய்முறைத் தேர்வில் தேறி, அந்நாட்டு நர்ஸிங் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவாகும் வரை பதிவுபெற்ற நர்ஸாக வேலை பார்க்க முடியாது என்பது தெரியும்.

என் கவலை அந்த இடைக்காலம்தான். அப்போது ஐ.சி.யூ.விலேயே வைத்துக்கொள்வார்களா, பொது வார்டுக்கு அனுப்பிவிடுவார்களா? வென்டிலேட்டர், டயாலிசிஸ், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் என்று தினமும் பழகிய கை அது. விட்டுப்போகக் கூடாது. வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற அங்குள்ள முறைக்காகவே போக ஆசைப்படுகிறேன்.

அப்புறம், ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் பணம் திருப்பித் தரவேண்டும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்? போனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.