மழை வந்தாலே மகள் தூங்க மறுக்கிறாள். டாக்டரிடம் போகணுமா?

கேள்வி: வேளச்சேரி அம்மா

எங்கள் வீடு ஏஜிஎஸ் காலனியில், தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. மகளின் பாடப் புத்தகங்களெல்லாம் ஊறி உப்பிப்போய், மொட்டை மாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம். இப்போது ஐப்பசி பிறந்தாலே போதும், ராத்திரி முழுக்க மழை ரேடார் படமும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டமும்தான் பார்க்கிறாள். நேற்று வெறும் தூறல். அதற்கே ஸ்கூல் பையைப் பரணில் ஏற்றிவிட்டு, "நான் பெரியவளாகும்போது சென்னை இருக்குமாம்மா?" என்கிறாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது நோயா?

முடிச்சூர்வாசி:

அக்கா, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் என் பையனும் இப்படித்தான். பத்திரங்கள், மாத்திரை, சார்ஜ் லைட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுவைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தோம். கைக்கு வேலை வந்ததும் கொஞ்சம் அடங்கினான். ராத்திரி போனை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

பள்ளி ஆலோசகர்:

காலநிலை பற்றிய கவலை தனியாக ஒரு நோய் இல்லைங்க. 2021-ல் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு வெள்ளத்தில் பட்ட பயமும் சேர்ந்திருக்கிறது. அது மழைச் சத்தம் கேட்டாலே கிளம்பும். தூக்கம், சாப்பாடு, படிப்பு வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அவள் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். "எனக்கும் கவலைதான்டா" என்று சொல்லுங்கள். பிள்ளை தனியாகப் பயப்படுவதுதான் கொடுமை.

பெரும்பாக்கம் பறவைப் பிரியன்:

பள்ளிக்கரணைக்கு ஒரு காலையில் கூட்டிப்போங்கள். தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்வதே அந்தச் சதுப்புநிலம்தான். சுற்றிலும் கட்டடம் கட்டிச் சுருக்கிவிட்டோம். அதைக் காப்பாற்றப் பலர் வருஷக்கணக்கில் போராடினார்கள், 2022-ல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கதையையும் அவள் கேட்கட்டும்.

வேளச்சேரி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. முடிச்சூர் தம்பி, பையில் வேறு என்னென்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள். இன்றைக்கு அவளையே எடுத்துவைக்கச் சொல்கிறேன். 14416-க்கும் நாளைக்குப் பேசுகிறேன், முதலில் எனக்காக.